கிளீவ்டன் வாத்தியார்

2022 ஆகஸ்ட் 2, செவ்வாய்க்கிழமை ராத்திரி அப்பா போன் செய்தார். அவராக என்னைக் கூப்பிடுவது அபூர்வம். அம்மா பேசி முடித்து "இந்தாங்க" என்று கையில் கொடுத்தால்தான் பேசுவார், அதுவும் நாலு வார்த்தை. அன்றைக்கு நேராக விஷயத்துக்கு வந்தார். "நீ பிரிஸ்டல்ல இருந்தப்ப ஒரு ஆட்டம் சொல்வியே, புல்லுல பந்து உருட்டுறது. அதுல நம்ம பொண்ணுங்க தங்கம் வாங்கிட்டாங்கப்பா. நியூஸ்ல ஓடுது."

காமன்வெல்த் விளையாட்டில் லான் பௌல்ஸ் மகளிர் நால்வர் போட்டி. இங்கிலாந்தின் லெமிங்டன் ஸ்பா ஊரில் நடந்த இறுதி ஆட்டத்தில் தென்னாப்பிரிக்காவை 17க்கு 10 என்று வீழ்த்தியிருந்தார்கள். லவ்லி சௌபே, பிங்கி, நயன்மோனி சைக்கியா, ரூபா ராணி திர்க்கி. இந்த விளையாட்டில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் காமன்வெல்த் பதக்கமே அதுதான். அப்பா பெயர்களைச் சொல்லவில்லை, வேலையைச் சொன்னார். "ஒருத்தி போலீஸாம். ஒருத்தி காட்டிலாகாவாம். இன்னொருத்தி ஸ்கூல்ல பி.டி. டீச்சராம்." டீச்சர் என்பதை இரண்டு முறை சொன்னார். ஏன் என்று எனக்குத் தெரியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

போனை வைத்த பிறகு எனக்கு நினைவுக்கு வந்தவர் வேறொரு டீச்சர். பெயர் டேவிட் பிரையன்ட். இங்கிலாந்தில் கிளீவ்டன் என்ற கடலோரச் சிற்றூர்க்காரர். 1931ல் பிறந்தவர், 2020 ஆகஸ்டில் தமது 88ஆவது வயதில் இறந்துபோனார். லான் பௌல்ஸ் ஆட்டத்தில் திறந்தவெளி உலக ஒற்றையர் பட்டம் மூன்று முறை, உள்ளரங்க உலக ஒற்றையர் பட்டம் மூன்று முறை, காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் நான்கு முறை வாங்கியவர். நம் ஊரில் அவரைப் பற்றி யாரும் எழுதி நான் பார்த்ததில்லை. அதனால் எழுதுகிறேன்.

முதலில் பந்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். அது புரியாவிட்டால் அந்த மனிதரும் புரிய மாட்டார்.

2018ல் வேலைக்காக பிரிஸ்டல் போனேன். குடியிருந்த தெருமுனையில் ஒரு பௌல்ஸ் கிளப். தாழ்வான வேலி, பச்சைப் பெயின்ட் அடித்த மரக்கட்டடம், நடுவில் பில்லியர்ட்ஸ் மேசை விரிப்பைப் போல ஒரு புல்தரை. சாயங்காலங்களில் வேலிக்கு வெளியே நின்று பார்ப்பேன். நாலைந்து நாள் கவனித்துவிட்டு ஒரு பெரியவர் உள்ளே கூப்பிட்டார். தட்டையான அடி உள்ள ஷூ இல்லாமல் புல்லில் கால் வைக்கக் கூடாது என்று, அலமாரியிலிருந்து ஒரு பழைய ஜோடியை எடுத்துக் கொடுத்துவிட்டுத்தான் பந்தைக் கையில் தந்தார்.

கனம். கிட்டத்தட்ட ஒன்றரைக் கிலோ. தேங்காய் உரித்துக் குடுமியோடு கையில் வாங்குவது போல இருக்கும், ஆனால் வழவழப்பு. உருண்டை என்று நினைத்தால் அது உருண்டை இல்லை. இரண்டு பக்கமும் லேசாகத் தட்டி, அதிலும் ஒரு பக்கம் மறுபக்கத்தைவிட ஒரு துளி கூடுதலாகத் தட்டியது போல வடிவம். பக்கத்துக்கு ஒரு வட்டச் சின்னம், ஒன்று பெரிசு, ஒன்று சின்னது. சின்ன வட்டம் இருக்கும் பக்கமாகத்தான் பந்து வளையும். வேகமாக ஓடும்போது நேராகத்தான் போகிறது. வேகம் குறையக் குறைய சாய ஆரம்பிக்கிறது. நிற்கப்போகும் நேரத்தில் ஒரேயடியாக உள்ளே திரும்பிக்கொள்கிறது. இதற்கு அங்கே பயாஸ் என்று பெயர். அந்தக் காலத்தில் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடுகிற அளவுக்கு அடர்த்தியான ஒரு மரத்தில் கடைந்தார்கள். இப்போது கெட்டிப் பிளாஸ்டிக். மரமோ பிளாஸ்டிக்கோ, கோணல் மட்டும் மாறவில்லை.

எதிரே முப்பது மீட்டர் தள்ளி ஒரு சின்ன வெள்ளைப் பந்து கிடக்கும். அதுதான் ஜாக். உங்கள் பந்தை அதற்கு எவ்வளவு நெருக்கமாகக் கொண்டுபோய் நிறுத்துகிறீர்கள் என்பதுதான் மொத்த ஆட்டமும். நம் கோலிக்குண்டு ஆட்டத்தை ஒன்றரைக் கிலோ குண்டு வைத்து ஆடினால் எப்படி இருக்குமோ அப்படி. ஒற்றையரில் ஆளுக்கு நாலு பந்து. எதிராளியின் மிக நெருங்கிய பந்தைவிட உங்கள் பந்துகளில் எத்தனை நெருங்கி நிற்கிறதோ அத்தனை புள்ளி. பிரையன்ட் காலத்தில் பெரும்பாலும் 21 புள்ளிக்கு ஓர் ஆட்டம்.

ஜாக்கைப் பார்த்து உருட்டினால் ஜாக்குக்குப் போகாது. எங்கே போகக் கூடாதோ அந்தத் திசையில், ஒன்றுமே இல்லாத ஒரு வெற்றுப் புல்லைக் குறிவைத்து விட வேண்டும். பாதி தூரம் வரை பந்து ஊரைவிட்டு ஓடுவது போலத்தான் போகும். அப்புறம் மெதுவாகத் திரும்பி வீட்டுக்கு வரும். அந்தப் பெரியவர் விட்ட பந்து ஜாக்கின் தோளில் போய்ச் சாய்ந்து நின்றது. உடனே சட்டைப் பையிலிருந்து ஒரு சாக்பீஸ் துண்டை எடுத்துக்கொண்டு நடந்துபோய், குனிந்து அந்தப் பந்தின் மேல் ஒரு கோடு போட்டார். ஜாக்கைத் தொட்ட பந்துக்கு அடையாளம். அது பின்னால், புல்தரையின் விளிம்பில் இருக்கும் பள்ளத்துக்குள் தள்ளப்பட்டாலும் ஆட்டத்தில் உயிரோடு இருக்கும். வாத்தியார் மகனான எனக்கு அந்த சாக்பீஸ் கோட்டைப் பார்த்ததும் இந்த ஆட்டம் பிடித்துப்போயிற்று.

பிரையன்ட் பெயரை முதலில் சொன்னவரும் அவர்தான். கிளப் சுவரில் மாட்டியிருந்த ஒரு மங்கலான படத்தைக் காட்டினார். வெள்ளைச் சட்டை, வெள்ளைக் கால்சட்டை, வாயில் புகைக்குழாய், தரையோடு தரையாகக் குந்தியிருக்கும் ஒரு மனிதர். கிளீவ்டன் இங்கிருந்து பக்கம்தானே, போய்ப் பார்த்துவிட்டு வா என்றார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை போனேன். பிரிஸ்டலிலிருந்து இருபது கிலோமீட்டர் இருக்கும். பழுப்புத் தண்ணீர்க் கடல், எதிர்க்கரையில் மங்கலாக வேல்ஸ். 1869ல் திறந்த ஓர் இரும்புப் பாலம், மெல்லிய கால்களோடு கடலுக்குள் நடந்துபோய் நிற்கிறது. அந்தப் பக்கத்துக் கடலில் ஓதம் ஏறி இறங்குவதற்கு உலக அளவில் பெயர் உண்டு. காலையில் பாலத்தின் கால் தெரியத் தண்ணீர் வற்றியிருந்தது, மத்தியானம் பார்த்தால் பாதி உயரம் வந்துவிட்டது. ஐஸ்கிரீம் கடை, நாயோடு நடக்கும் தம்பதிகள், ஏற்றத்தில் அடுக்கடுக்காகக் கல்வீடுகள். இரண்டு மணி நேரத்தில் சுற்றிவிடலாம். இந்த ஊர்க் கிளப்பில்தான் பிரையன்டின் தாத்தா ஆடினார், அப்பா ஆடினார், பிறகு இவர் ஆடினார். உலகத்தை வென்ற பிறகும் ஊரை விட்டுப் போகவில்லை. ஆறு முறை இங்கிலாந்து ஒற்றையர் சாம்பியன் ஆனபோதும் பெயருக்குப் பக்கத்தில் கிளீவ்டன் என்றுதான் அச்சாகியிருக்கிறது.

ராணுவக் கட்டாயச் சேவையை விமானப்படையில் முடித்து, ஆசிரியர் பயிற்சி பெற்று, 1955ல் பள்ளியில் சேர்ந்தார். 1957ல் நால்வர் போட்டியில் தேசியப் பட்டம். 1960ல் முதல் ஒற்றையர் பட்டம். அப்போது வயது 28. கிழவர்கள் ஆட்டம் என்று எல்லோரும் ஒதுக்குகிற ஆட்டத்தில் 28 வயது வாத்தியார் எல்லாரையும் தாண்டிவிட்டார். இங்கே ஒரு சின்னச் செய்தி. இங்கிலாந்து பௌல்ஸ் சங்கம் 1903ல் தொடங்கியபோது அதன் முதல் தலைவர் யார் தெரியுமா? கிரிக்கெட்டின் தாடிக்காரர் டபிள்யூ. ஜி. கிரேஸ். மட்டையை வைத்துவிட்டு ஓய்வுக்காலத்தில் இந்தப் புல்லுக்கு வந்தவர். எனவே ஓய்வுக்கால ஆட்டம் என்ற பெயர் சும்மா வந்ததில்லை. பிரையன்ட் போன்றவர்கள்தான் அதை மாற்றினார்கள்.

அவர் பந்து விடும் விதத்தைப் பற்றிக் கொஞ்சம் நிதானமாக எழுத ஆசை.

பழைய காணொளிகள் இணையத்தில் கிடைக்கின்றன. தொலைக்காட்சிக்காக எடுத்தவை. நான் ஒன்றையே பத்துப் பதினைந்து முறை பார்த்திருப்பேன். மேட் என்கிற சின்ன விரிப்பின் மேல் வந்து நிற்கிறார். பந்தைத் துணியால் துடைக்கிறார். சின்ன வட்டம் எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்கிறார். பிறகு குந்துகிறார். நம் ஊரில் திண்ணையோரம் உட்காருவோமே, அந்த மாதிரி முழுசாக. பந்தைப் பிடித்த கை முன்னால் நீண்டிருக்கிறது. கண் ஜாக்கைப் பார்ப்பதில்லை, புல்லில் அவர் தேர்ந்துகொண்ட ஒரு புள்ளியைப் பார்க்கிறது. ஒரு மூச்சு நேரம். அப்புறம் எழுகிறார், முழுக்க அல்ல, பாதி. எழும்போதே இடது கால் முன்னால் போகிறது, வலது கை பின்னால் போய் முன்னால் வருகிறது. பந்து புல்லில் இறங்கும்போது சத்தமே இல்லை. தூங்குகிற குழந்தையைத் தொட்டிலில் கிடத்துவது போல வைக்கிறார், அது ஓட ஆரம்பிக்கிறது. வாயில் புகைக்குழாய் அப்படியே இருக்கிறது.

மற்றவர்கள் நின்றபடி குனிந்து விடுவார்கள். இவர் மட்டும் ஏன் இப்படிக் குந்தி எழுந்தார்? நானும் அந்தக் கிளப்பில் ஒரு கோடைகாலம் முழுக்க உருட்டிப் பார்த்த பிறகு எனக்குப் புரிந்தது இதுதான். நிற்கும்போது உடம்பு ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் வேறு மாதிரி நிற்கும். இன்றைக்கு முதுகு சற்று முன்னால், நாளைக்குப் பின்னால். குந்திவிட்டால் உடம்பு மடங்குவதற்கு ஒரே வழிதான் உண்டு. ஆட்டத்தின் முதல் பந்துக்கும், மூன்று மணி நேரம் கழித்துக் கால் கெஞ்சும்போது விடுகிற கடைசிப் பந்துக்கும் தொடக்கம் ஒன்றே. கண்ணும் புல்லுக்குப் பக்கத்தில் வந்துவிடுகிறது. அங்கிருந்து எழும் வேகம்தான் பந்தின் வேகம். கிளப் பெரியவர் அதை எனக்குச் செய்து காட்ட முயன்றார், முட்டி ஒத்துழைக்கவில்லை. பிரையன்ட் 60 வயதிலும் அப்படித்தான் குந்தி எழுந்தார்.

புகைக்குழாய் விஷயம் தனி. பற்றவைத்திருந்தாலும் அணைந்திருந்தாலும் அது வாயிலேயே இருக்கும். 1986ல் பிரிட்டனில் அந்த ஆண்டின் சிறந்த புகைக்குழாய் மனிதர் என்று ஒரு பட்டம்கூடக் கொடுத்தார்கள். புகையிலையைப் பாராட்ட இதைச் சொல்லவில்லை. அந்தக் குழாய் பந்து விடும்போது ஆடாது. தலை எவ்வளவு அசையாமல் இருந்தது என்பதற்கு அது ஒரு தராசு முள் போல.

இனி, டீச்சர் என்பதை அப்பா இரண்டு தடவை சொன்ன கதை.

அப்பா கணக்கு வாத்தியார். கோவில்பட்டிப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் 31 வருஷம். கேரம் ஆடுவார். எங்கள் தெரு மன்றத்தில் தொங்கும் ஒற்றை பல்புக்குக் கீழே, போரிக் பவுடர் கையெல்லாம் வெள்ளையாக, ராத்திரி பத்து பதினொன்று வரை ஆடுவார். மாவட்ட அளவில் ஜெயித்து மாநிலப் போட்டிக்குத் தேர்வானது ஒரு வருஷம். சென்னையில் ஐந்து நாள். அரையாண்டுத் தேர்வுக்கு முந்தைய வாரம். விடுப்பு கேட்டார், கேரம் ஆடவா லீவு என்று ஒரு வரியில் முடிந்துவிட்டது. நான் அப்போது ஆறாம் வகுப்பு. அப்பா வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, விடைத்தாள் கட்டைப் பிரித்தார். அதன் பிறகும் ஆடினார், போட்டிக்கு மட்டும் பெயர் கொடுக்கவில்லை. கேரமில் உலகப் பட்டம் வென்ற மரிய இருதயம் நம் சென்னைக்காரர், அர்ஜுனா விருது பெற்றவர். அவர் பெயர் பேப்பரில் வந்தால் அப்பா அந்தப் பக்கத்தை மடித்து வைத்துக்கொள்வார். பொறாமையாக இல்லை, சொந்தக்காரர் கல்யாணப் பத்திரிகையை வைத்துக்கொள்வது போல.

இதெல்லாம் மனசில் இருந்ததால்தான் பிரையன்டின் வருஷங்களை நான் அவருடைய வேலையோடு சேர்த்தே படித்தேன். 1962 காமன்வெல்த் விளையாட்டு ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் நடந்தது. நவம்பர் கடைசி. அனல் வீசும் வெயிலுக்குப் பெயர் போன போட்டி அது. அந்த வெயிலில் நின்று ஒற்றையர் தங்கம், நால்வர் தங்கம் இரண்டும் வாங்கினார். நவம்பரில் இங்கிலாந்தில் பள்ளிக்கூடம் நடக்கும். அப்படியென்றால் அவர் வகுப்பை அந்த நாட்களில் யாரோ பார்த்துக்கொண்டார்கள். யாரோ ஒருவர் "போய்ட்டு வாங்க சார்" என்று அனுப்பியிருக்கிறார். அந்த ஆட்டத்தில் அப்போது காசு கிடையாது. பெரிய பட்டத்துக்கும் கோப்பையும் கைகுலுக்கலும்தான். சம்பளம் கரும்பலகையில்தான் இருந்தது.

1966ல் காமன்வெல்த் விளையாட்டு ஜமைக்காவின் கிங்ஸ்டனுக்குப் போனது. லான் பௌல்ஸ் அந்த ஒரு முறைதான் பட்டியலில் இல்லை. ஒழுங்கான ஒரு புல்தரையை வருஷக்கணக்கில் வளர்த்தாக வேண்டும். அது எல்லா ஊரிலும் இருக்காதே. பிரையன்ட் உச்சத்தில் இருந்த வருஷம் அது. காமன்வெல்த் நழுவினாலும் அதே ஆண்டு சிட்னிப் பக்கம் கயீமா என்ற இடத்தில் முதன்முதலாக உலகப் போட்டி நடத்தினார்கள், 16 நாடுகள். ஒற்றையர் பட்டம் பிரையன்டுக்கு. இந்த ஆட்டத்தின் முதல் உலக சாம்பியன் அவர்தான். பிறகு 1970 எடின்பரோ, 1974 கிறைஸ்ட்சர்ச், 1978 எட்மன்டன் என்று அவர் போன காமன்வெல்த் ஒற்றையர் தங்கம் வரிசையாக அவருக்கே. கிங்ஸ்டனிலும் புல்தரை இருந்திருந்தால் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

1971ல் ஆசிரியர் வேலையை விட்டுவிட்டுத் தொழில் பக்கம் போனார். அந்த ஆண்டும் அடுத்த இரண்டு ஆண்டும், 1971, 72, 73, தொடர்ந்து மூன்று முறை இங்கிலாந்து ஒற்றையர் பட்டம். ஆயிரக்கணக்கான கிளப்காரர்கள் ஊர் ஊராகத் தோற்று வடிகட்டப்பட்டு வருகிற போட்டி அது. ஒரு நாள் கை சரியில்லை என்றால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மூன்று வருஷம் ஒரு நாள்கூட அப்படி வாய்க்கவில்லை என்பதை உலகப் பட்டங்களைவிட நான் பெரிதாக நினைக்கிறேன். உலகப் பட்டத்துக்குச் சிட்னிக்குப் போகலாம், எதிராளியும் புதியவர். இங்கே எதிரே நிற்பவர்கள் எல்லாம் இவரை வீழ்த்தவே ஒரு வருஷம் காத்திருந்தவர்கள்.

புல்லைப் பற்றியும் ஒரு வார்த்தை. அங்கே ஒரு தரையின் வேகத்தை நொடியில் அளக்கிறார்கள். பந்து 27 மீட்டர் போய் நிற்க எத்தனை நொடி ஆகிறது என்று கணக்கு. எனக்கு முதலில் தலைசுற்றிய இடம் இது. நொடி அதிகமானால் வேகமான தரை! யோசித்தால் புரியும். ஈரமான, கனத்த புல்லில் பந்தைத் தள்ளி விட வேண்டும், அது சட்டென்று ஓடி சட்டென்று நிற்கும். காய்ந்து இறுகிய தரையில் மெல்ல விட்டாலே போதும், உருண்டுகொண்டே இருக்கும். இங்கிலாந்தின் ஈரத் தரை 10, 12 நொடி. நியூசிலாந்துத் தரை 17, 18 நொடிகூடப் போகும். அங்கே பல இடங்களில் புல்லே கிடையாது, பாய் போலத் தரையோடு படரும் ஒரு சின்னக் கொடியை வளர்க்கிறார்கள். இத்தனை மெதுவாக ஓடினால் கோணலுக்கு நிறைய நேரம் கிடைக்கிறது, பந்து அகலமாக வளைகிறது. கிளீவ்டனில் ஜாக்குக்குக் கொஞ்சம் தள்ளிக் குறிவைத்த கை, ஆக்லாந்தில் இன்னும் நிறையத் தள்ளிக் குறிவைக்க வேண்டும். ஒரு ஊர்ப் புல்லில் கற்ற உடம்பு இன்னொரு ஊர்ப் புல்லில் பொய் சொல்லும். வெளிநாடு போய்த் தோற்று வந்த நல்ல ஆட்டக்காரர்கள் எத்தனையோ பேர்.

பிரையன்ட் தமது மூன்று திறந்தவெளி உலக ஒற்றையர் பட்டங்களையும் சொந்த நாட்டுக்கு வெளியேதான் வாங்கினார். 1966 சிட்னி. 1980 மெல்பர்ன் பக்கம் ஃபிராங்ஸ்டன். 1988 ஆக்லாந்து. கடைசியது கிடைக்கும்போது வயது 56. இறுதியில் எதிரே நின்றவர் ஸ்காட்லாந்தின் வில்லி வுட், ஒரு கார் மெக்கானிக். அதற்கு நான்கு வருஷம் முன்பு, சொந்த நாட்டில், அபர்தீன் நகரில் நடந்த உலகப் போட்டி இறுதியில் 21க்கு 20 என்று ஒற்றைப் புள்ளியில் பட்டத்தை விட்டவர் வுட். 88லும் வெள்ளிதான். அந்த ஆட்டத்தில் என் மனசு வுட் பக்கம் போவதை மறைக்கவில்லை. மெக்கானிக்கும் பழைய வாத்தியாரும், உலகத்தின் அந்தக் கோடியில், ஆளுக்கு நாலு பந்தோடு.

சரி, நடுவில் விட்டுப்போன ஒன்று. 1979ல் உள்ளரங்கத்திலும் உலக ஒற்றையர் போட்டி தொடங்கியது. ஸ்காட்லாந்தில் கோட்பிரிட்ஜ் என்ற ஊர். சிகரெட் கம்பெனி காசு போட்டது, தொலைக்காட்சி வந்தது. 1979, 80, 81, முதல் மூன்று பட்டமும் பிரையன்டுக்கு. 48 வயதில் நாடறிந்த முகம் ஆனார். 1969லேயே எம்.பி.இ. என்ற பிரிட்டிஷ் அரச விருது கொடுத்திருந்தார்கள், 1980ல் அதற்கு மேற்பட்ட சி.பி.இ. கொடுத்தார்கள்.

எனக்கு இந்தப் பட்டங்களைவிடப் பிடித்தது வேறொன்று. டோனி ஆல்காக் என்ற ஓர் இளைஞர். பிரையன்டைவிட 24 வயது சின்னவர், மகன் வயது. 1980 ஃபிராங்ஸ்டனில் மூவர் அணியில் பிரையன்டோடு ஆடித் தங்கம் வாங்கியபோது அந்தப் பையனுக்கு 24. அங்கிருந்து ஆரம்பித்தது. 1986ல் உள்ளரங்க உலக இரட்டையர் போட்டி தொடங்கியதும் இருவரும் ஜோடி சேர்ந்தார்கள். 1986, 87, 89, 90, 91, 92. ஏழு வருஷத்தில் ஆறு பட்டம். கடைசிப் பட்டத்தின்போது பிரையன்டுக்கு 60 வயது.

இரட்டையரில் முதல் ஆள் பந்து விட்டு அடித்தளம் போடுவார், இரண்டாம் ஆள் முடித்து வைப்பார். ஒருவர் விடும்போது மற்றவர் எதிர்முனையில் ஜாக் பக்கத்தில் நின்று கையால் தூரம் காட்டுவார். முப்பது மீட்டர் இடைவெளியில் பேசாமல் பேசிக்கொள்ளும் ஆட்டம். ஒரு காணொளியில் ஆல்காக் இரண்டு உள்ளங்கைகளையும் எதிரெதிரே வைத்து இவ்வளவு என்று காட்டுகிறார், மறுமுனையில் புகைக்குழாய் லேசாக ஒருமுறை தாழ்ந்து நிமிர்கிறது. அவ்வளவுதான் உரையாடல். ஆல்காக் பிறகு 1992லும் 1996லும் திறந்தவெளி உலக ஒற்றையர் பட்டத்தைத் தாமே வென்றார். தாத்தாவிடமிருந்தும் அப்பாவிடமிருந்தும் வாங்கியதை பிரையன்ட் அடுத்த தலைமுறை ஒன்றின் பக்கத்தில் நின்று கொடுத்தார் என்றுதான் நான் பார்க்கிறேன். வாத்தியார் வேலையை 71ல் விட்டார் என்று எழுதியிருக்கிறார்கள். எனக்கு அதில் முழு நம்பிக்கை இல்லை.

2022 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். அப்பா ஓய்வுபெற்றுப் பல வருஷம் ஆகிவிட்டது, கேரம் பலகை மாடிப்படிக்குக் கீழே சுவரோடு சாய்த்து வைத்திருக்கிறது. சாப்பிட்டுவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தபோது போனில் அந்தப் பெண்களின் இறுதி ஆட்டத்தைக் காட்டினேன். 8க்கு 2 என்று முன்னால் போய், பிறகு 8க்கு 10 என்று பின்தங்கி, அதன் பிறகு ஒரு புள்ளிகூட விடாமல் 17க்குப் போன ஆட்டம். ரூபா ராணி விட்ட கடைசிப் பந்துகளுக்கு அப்பா தொடையில் தட்டினார். "அந்த டீச்சர் எது?" என்று கேட்டுத் தெரிந்துகொண்டார்.

அப்புறம் பிரையன்டைக் காட்டினேன். பெயர் சொல்லவில்லை, இவரும் வாத்தியார் என்று மட்டும் சொன்னேன். மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுப் போனைக் கண்ணருகே கொண்டுபோனார். பிரையன்ட் குந்தினார், எழுந்தார், விட்டார். பந்து வெளியே ஓடி, உள்ளே திரும்பி, வந்து நின்றது. அப்பா பந்தைப் பார்க்கவில்லை.

"இன்னொரு தடவை போடு," என்றார்.

போட்டேன்.

"எந்திரிக்கும்போது தலை ஆடல பாரு," என்றார். பிறகு திண்ணையிலிருந்து இறங்கி, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, முற்றத்தில் மெதுவாகக் குந்திப் பார்த்தார்.